கடல் பார்த்த தண்டவாளங்கள்

கானாவுக்குப் போகிறவர்கள் சுற்றுலாக் கையேட்டோடு பழைய ரயில் வரைபடம் ஒன்றையும் எடுத்துப்போவது நல்லது. அதில் தெரிவது ஒரு முக்கோணம். கடற்கரையில் இரண்டு முனைகள்: மேற்கே செகொண்டி-டாகோராடி, கிழக்கே அக்ரா. உள்நாட்டில் ஒரே முனை, குமாசி. மேற்குப் பாதை 1901இல் டார்க்வா தங்கச் சுரங்கங்களைத் தொட்டது, 1903இல் குமாசிக்கு வந்தது. கிழக்குப் பாதை கோகோ விளையும் குன்றுகளின் வழியாக 1923இல் அதே குமாசியை வந்தடைந்தது. குமாசிக்கு வடக்கே நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலம் கிடக்கிறது. ஆங்கிலேயர் இருந்த காலம் முழுவதும் அங்கே தண்டவாளம் போகவே இல்லை. வடக்கிலிருந்து அவர்களுக்கு வேண்டியிருந்தது சுரங்கக் கூலிகளும் படைக்கு ஆட்களும்தான். அவர்களை நடத்தியே கூட்டிவந்துவிட்டார்கள்.

ஏகாதிபத்தியம் விட்டுப்போனது என்ன என்று கேட்டால் நமக்குப் பழக்கமான விடை கொள்ளைக் கணக்கு. இத்தனை டன் தங்கம், இத்தனை லட்சம் அடிமைகள், இத்தனை கோடி பவுண்டு. கணக்கு பொய்யில்லை. ஆனால் அக்ராவில் தொடங்கிக் கடற்கரையோரமாக மேற்கே போய், டாகோராடியில் திரும்பிக் காட்டுக்குள் ஏறிக் குமாசியைச் சேரும் அந்த வழியில் போனால், கொள்ளையைவிடக் கனமான வேறொன்று கண்ணில் படும். எடுத்துப் போனவை போய்விட்டன. எடுப்பதற்காகக் கட்டிய அமைப்பு அங்கேயே நின்றுவிட்டது. நாட்டில் விளைவதெல்லாம் ஒரு சுங்கச்சாவடியைக் கடந்து கடலுக்குப் போகவேண்டும். சாவடி யார் கையில் இருக்கிறதோ அவரே அரசு. 1957இல், விடுதலையோடு, சாவடியில் உட்கார்ந்த ஆள் மாறினார். அதை இடித்துவிட்டு வேறு வழியில் வருமானம் தேடும் துணிவு அவருக்கும் இருக்கவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இருக்கவில்லை. என் வாதம் இவ்வளவுதான். எதிர்வாதங்கள் பல உண்டு. அவையும் இதே வழியில்தான் எதிர்ப்படுகின்றன.

அக்ராவின் கடற்கரையில் ஒசு கோட்டை இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டி, கிறிஸ்டியன்ஸ்போர்க் என்று பெயரிட்டு, அடிமை வாணிபம் நடத்திய இடம். 1850இல் அதை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் அங்கே குடியேறினார். விடுதலைக்குப் பின் வந்த பெரும்பாலான அரசுகளும் அங்கிருந்துதான் நடந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான் குடியரசுத் தலைவரின் அலுவலகம் நகருக்குள் ஜூபிலி ஹவுஸுக்கு நிலையாக மாறியது (அந்த மாளிகை எழும்பியது இந்திய அரசு கொடுத்த கடனில் என்பது தனிக்கதை). அடிமைக் கோட்டையில் சுதந்திர அரசா என்று உள்ளூர்ப் பத்திரிகைகள் பல காலம் முகம் சுளித்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வரி வரலாறு. 1852இல் ஆங்கிலேயர் இந்தக் கரையில் தலைவரி போட்டார்கள். மக்கள் கட்ட மறுத்தார்கள், 1854இல் கலகம் மூண்டது, 1860களின் தொடக்கத்தில் அந்த வரியைக் கைவிட்டார்கள். அதன்பின் அரசு நடந்தது துறைமுகத் தீர்வையில். வருமான வரி 1943 வரை வரவில்லை. குடிமக்களிடம் நேரடியாக வரி கேட்கும் அரசு அவர்களோடு பேரம் பேசியாகவேண்டும், கணக்குக் காட்டியாகவேண்டும். கப்பல்துறையில் உட்கார்ந்து வசூலிப்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அரசுக்கும் குடிகளுக்கும் நடுவே இருக்கவேண்டிய அந்தப் பேரம் தொடக்கத்திலேயே இல்லாமல் போயிற்று.

அக்ராவிலிருந்து மேற்கே கேப் கோஸ்ட், அதைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் எல்மினா. 1482இல் போர்த்துக்கீசியர் தங்கத்துக்காகக் கட்டிய எல்மினா கோட்டையை 1637இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1872இல் ஆங்கிலேயருக்குக் கைமாறியது. கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண் அடிமைகளை அடைத்த நிலவறைக்கு நேர் மேலே ஆங்கிலேயரின் வழிபாட்டுக்கூடம் இருந்தது. எல்மினாவில் பெண்களை நிறுத்திய முற்றத்தைப் பார்த்தபடி ஆளுநரின் மாடம். வழிகாட்டிகள் இவற்றைத் தவறாமல் காட்டுவார்கள், காட்டத்தான் வேண்டும். அவர்கள் அதிகம் சொல்லாத ஒன்றும் உண்டு. இந்தக் கோட்டைகளில் இருந்தவர்கள் பல நூறு ஆண்டுகள் உள்நாட்டைப் பிடிக்கவே இல்லை. நிலத்துக்கு உள்ளூர்த் தலைவர்களிடம் வாடகை கட்டிக்கொண்டு, பீரங்கிகளைப் பெரும்பாலும் கடல் பக்கம், போட்டி ஐரோப்பியக் கப்பல்களை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். வருகிற சரக்கும் போகிற சரக்கும் தங்கள் வாசல் வழியே போனால் அவர்களுக்குப் போதும். 18ஆம் நூற்றாண்டில் அடிமைகளுக்கு மாற்றாக இந்த மேற்காப்பிரிக்கக் கரையில் இறங்கிய பொருள்களில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. சோழமண்டலக் கரையின் நெசவும் அதில் அடக்கம். நம் தறிக்காரர்களுக்கு அது எங்கே போய் எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

இங்கேயே முதல் எதிர்வாதம் வந்துவிடும். பிடித்துக் கொடுத்தவர்களும் ஆப்பிரிக்க அரசர்கள்தானே, அசாந்தேப் பேரரசும் கடற்கரை வாணிபத்தில் கொழுத்ததுதானே? கொழுத்தது. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் அசாந்தேயின் பொருளாதாரத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. தலைநகர் குமாசியிலிருந்து எட்டுப் பெருவழிகள் புறப்பட்டதை வரலாற்றாசிரியர் ஐவர் வில்க்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். பாதி தெற்கே கடலுக்கு, பாதி வடக்கே புல்வெளி நாடுகளுக்கு. தெற்கே தங்கமும் அடிமைகளும் போனால், வடக்கே சலாகா சந்தை வழியாக ஹவுசா நாட்டுக்குக் கோலாக் கொட்டை போனது. ஒரு பக்கம் விலை சரிந்தால் இன்னொரு பக்கம் கைகொடுக்கும். 1874இல் ஆங்கிலப் படை குமாசியை எரித்தது. 1896இல் அரசர் முதலாம் பிரெம்பேயைச் சிறைப்பிடித்துப் பிறகு செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தியது. 1900இல் ஆளுநர் அசாந்தே அரசின் சின்னமான பொன்னாசனத்தைக் கேட்டபோது யா அசாந்தேவா என்ற அரசித்தாய் போருக்குத் தலைமை தாங்கினார். அந்தப் போரும் தோற்றது. அடுத்த மூன்றே ஆண்டில் குமாசிக்கு ரயில் வந்தது. வழிகளின் நடுவிடமாக இருந்த ஊர், கடலிலிருந்து வரும் பாதையின் கடைசி நிலையமாயிற்று.

ரயில் போட்டார்களே, அதுவாவது நன்மைதானே என்பது இரண்டாவது எதிர்வாதம். நம் ஊரிலும் இது அடிக்கடி கேட்கும் குரல்தான். கானாவில் இதற்கு வலுவான சாட்சி உண்டு: 1919 முதல் 1927 வரை ஆளுநராக இருந்த கார்டன் குக்கிஸ்பெர்க். அக்ராவின் கோர்லே பு மருத்துவமனையும் அச்சிமோட்டா கல்லூரியும் அவர் காலத்தவை. டாகோராடியின் ஆழ்துறைமுகம் அவர் தொடங்கி 1928இல் திறக்கப்பட்டது. கானாவில் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆனாலும் டாகோராடியில் நின்று பார்த்தால் துறைமுகத்துக்கு எது வந்து சேர்ந்தது என்பது தெளிவு: நுசுட்டாவின் மாங்கனீசு, டார்க்வா, ஒபுவாசியின் தங்கம், காட்டு மரம், கோகோ, பின்னாளில் அவாசோவின் பாக்சைட். ஒபுவாசிச் சுரங்கத்தை 1897இல் லண்டனில் பதிவான கம்பெனி எடுத்தது. குமாசிக் காய்கறியை அக்ராவுக்கோ, வடக்கின் சோளத்தைத் தெற்குக்கோ கொண்டுபோக இந்தப் பாதை போடப்படவில்லை. கனிமம் குறைந்து, கோகோ லாரிக்கு மாறியதும் மேற்குப் பாதை சீரழிந்தது. பல ஆண்டுகள் அதில் ஒழுங்காக ஓடியது மாங்கனீசு வண்டி ஒன்றுதான். குமாசிச் சந்தைக்குள் ஓடிய தண்டவாளத்தின் மேல் வியாபாரிகள் கடை போட்டுவிட்டார்கள். ஊருக்குப் பயன்படும் பாதை என்றால் இப்படி விட்டிருக்கமாட்டார்கள்.

கோகோவின் கதை வேறு மாதிரி. இதை ஆங்கிலேயர் நடவில்லை. 1870களின் இறுதியில் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொண்டுவந்து அக்ராவுக்கு வடக்கே மாம்போங்கில் நட்டதாக நாடே சொல்கிறது. அந்தத் தோட்டத்தை இன்றும் பார்க்கலாம். 1911இல் கோல்டு கோஸ்ட் (காலனிக் காலத்தில் கானாவின் பெயர்) உலகின் முதல் கோகோ உற்பத்தி நாடாகிவிட்டது. 1920களில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னைத் தாண்டியது. வெள்ளைக்காரர் எஸ்டேட் எதுவும் இல்லாமல், குவாப்பிம், குரோபோ மக்கள் கூட்டாகப் பணம் போட்டு அக்யெம் தலைவர்களிடம் காடு வாங்கி, அதைக் கழித்து நட்டுச் செய்த சாதனை இது. ஆய்வாளர் பாலி ஹில் 1963இல் வெளியிட்ட நூல் இதை நிறுவியது. ‘சோம்பேறிக் குடியானவன்’ என்ற காலனி நிர்வாகப் புலம்பலை அந்தப் புத்தகம் குப்பைக்கூடைக்கு அனுப்பியது.

அறுவடைக் காலத்தில் அந்தக் கிராமங்களில் பார்க்கவேண்டியது கோகோ உலரும் காட்சி. மஞ்சளாகப் பழுத்த காயைக் கத்தியால் தட்டிப் பிளந்தால் வெண்ணிறச் சதையில் பொதிந்த விதைகள் கையில் வழுக்கும். வாழையிலை பரப்பி, விதைகளைக் குவித்து, மேலும் இலை போட்டு மூடிவிடுவார்கள். ஏறத்தாழ ஆறு நாள் புளித்ததும், இடுப்பு உயரப் பரணில் விரித்த பாய்களில் பரப்பி, ஈரமும் சொத்தையும் போகப் பெண்கள் கையால் துழாவிக்கொண்டே இருப்பார்கள். சதை வழிந்த புளிப்பும் காடியும் கலந்த வாசனை தெருவெல்லாம் இருக்கும். சாக்லேட் வாசனை துளியும் இருக்காது. காய்ந்ததைச் சாக்கில் அள்ளிக் கொள்முதல் ஆளின் தராசில் ஏற்றுவார்கள். தராசைப் பற்றி விவசாயிக்கு எப்போதும் புகார் உண்டு. ஆனால் தராசு காட்டும் எடையைவிட, அந்த எடைக்கு என்ன விலை என்பதுதான் நூறு ஆண்டுச் சண்டை.

1937இல் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி, காட்பரி உள்ளிட்ட கொள்முதல் கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு விலையை அமுக்கின. விவசாயிகள் ஒரு பருவம் முழுக்கக் கோகோவை விற்க மறுத்து, ஐரோப்பியச் சரக்கையும் வாங்காமல் நின்றார்கள். லண்டன் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. கம்பெனிகளின் கூட்டு தவறு என்று அது சொன்னது. கடைசியில் கிடைத்த தீர்வைத்தான் கவனிக்கவேண்டும். கம்பெனிகளின் கூட்டுக்குப் பதில் அரசே ஏகபோகக் கொள்முதலாளி ஆயிற்று. போர்க்கால ஏற்பாடாக வந்தது 1947இல் கோகோ விற்பனை வாரியமாக நிலைத்தது. விலை ஏறும்போது பிடித்துவைத்து, இறங்கும்போது விவசாயிக்குக் கொடுப்போம் என்பது வாக்குறுதி. விலை ஏறியது, பிடித்துவைத்தார்கள். பிடித்த பணம் லண்டனில் ஸ்டெர்லிங் இருப்பாகத் தங்கி, போரில் நொடித்த பிரிட்டனின் நாணயத்துக்கு முட்டுக்கொடுத்தது. விடுதலையின்போது கானாவின் கையிருப்பு ஏறத்தாழ 20 கோடி பவுண்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் விவசாயிக்குக் கொடுக்காமல் வைத்த காசு.

1948 பிப்ரவரி 28 அன்று, பர்மா முனையில் போரிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் ஓய்வூதிய மனுவோடு ஒசு கோட்டையை நோக்கி நடந்தார்கள். கிறிஸ்டியன்ஸ்போர்க் சந்திப்பில் போலீஸ் சுட்டது; மூவர் இறந்தார்கள். அக்ராவில் கம்பெனிக் கடைகள் எரிந்தன. ஆளுநர் அவசரகால அதிகாரத்தின்கீழ் பிடித்துவைத்த தலைவர்களில் குவாமே நிக்ருமாவும் ஜே.பி. டான்குவாவும் இருந்தார்கள். 1951 தேர்தலில் சிறையிலிருந்தே வென்று ஆட்சிக்கு வந்த நிக்ருமா, கோகோ வாரியத்தைக் கலைப்பார் என்று எதிர்பார்த்திருந்தால் தப்பில்லை. 1954இல் அவருடைய அரசு 60 பவுண்டு எடைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டிப்போட்டது. லண்டனில் அந்த ஆண்டு விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்த மாதமே குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்தது. கோகோ நாடு கூட்டாட்சி கேட்டது, தெருவில் வெடிகுண்டு வெடித்தது. இனச்சண்டை என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் எழுதினார்கள். அசாந்தே அபிமானம் இல்லாமலில்லை. ஆனால் நெருப்பு பற்றிய இடம் கொள்முதல் விலை. 1958இல் விசாரணையின்றி ஐந்தாண்டு வரை அடைக்கத் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. 1948இல் நிக்ருமாவோடு சேர்ந்து பிடிபட்ட டான்குவா அந்தச் சட்டத்தில் அடைபட்டு 1965இல் ந்சாவம் சிறையில் இறந்தார்.

அப்படியானால் குற்றம் ஆப்பிரிக்கத் தலைவர்களுடையதுதானே, எதற்கு வெள்ளைக்காரனை இழுக்கவேண்டும்? எதிர்வாதங்களில் இதுவே மிக வலுவானது; இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. 1964-65இல் ஐந்தரை லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த கோகோ, 1983-84இல் 1.6 லட்சம் டன்னுக்கு வந்தது. காட்டுத்தீயும் வறட்சியும் ஒரு பங்கு. பெரிய பங்கு விலைக்கொள்கை. விவசாயி மரத்தைக் கவனிப்பதை நிறுத்தினார், கிடைத்ததை எல்லை தாண்டிக் கடத்தினார். பக்கத்து ஐவரி கோஸ்ட்டில் குடியரசுத் தலைவர் ஹூப்வே-பொய்னி தாமே கோகோ தோட்டக்காரர். விவசாயியை அவ்வளவு பிழியவில்லை. 1970களின் பிற்பகுதியில் அவர் நாடு கானாவை முந்தியது. 1957இல் அவரும் நிக்ருமாவும் யார் பாதை சரி என்று பந்தயம் கட்டியது அங்கே பிரபலம். ஒரே மண், ஒரே மரம், வேறு வேறு விளைவு. ஆகவே ஆட்சியாளருக்குத் தேர்வு இருந்தது என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1980களில் கோகோ விலை விழுந்ததும் ஐவரி கோஸ்ட்டும் விழுந்தது. 1987இல் கடன் கட்டுவதை நிறுத்தியது, 1999இல் ராணுவப் புரட்சி, 2002இல் உள்நாட்டுப் போர். நல்ல ஓட்டுநர் கொஞ்சம் தூரம் கூடுதலாகப் போனார். பாதை அதே துறைமுகத்தில்தான் முடிந்தது.

கானாவுடன் அதே 1957இல் விடுதலை பெற்ற மலேயாவைக் காட்டுகிறவர்களும் உண்டு. அங்கேயும் காலனி, அங்கேயும் ஏற்றுமதிப் பயிர் (அந்த ரப்பர்ப் பாலில் தமிழர் வியர்வை எவ்வளவு என்று நமக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை). மலேயா தப்பித்தது உண்மை. ஆனால் தப்பித்த விதத்தைப் பார்த்தால் அது என் வாதத்துக்கே துணை: ரப்பர் வருமானம் ரப்பர் ஆராய்ச்சிக்கும் மறுநடவுக்கும் திரும்பிப் போனது, நிலமற்றவர்கள் பாமாயில் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். வசூல் வந்த வழியே கிராமத்துக்குத் திரும்பியது. கானாவில் அது தலைநகரைத் தாண்டவில்லை.

நிக்ருமா இந்தப் பொறியை அறியாதவர் இல்லை. தொழில்மயமாவதற்காக அவர் நம்பியது வோல்ட்டா ஆறு. அக்ராவுக்கு வடகிழக்கே அகோசோம்போவில் அணையைப் பார்க்கலாம். பின்னால் சுமார் 8,500 சதுர கி.மீ. பரப்பில் ஏரி. 80,000 பேர் ஊரை விட்டார்கள். அணைக்குப் பணம் வேண்டும். பணம் கொடுப்பவர்கள் மின்சாரத்தை வாங்கப் பெரிய வாடிக்கையாளர் வேண்டும் என்றார்கள். வந்தது அமெரிக்காவின் கைசர் அலுமினியம். டேமா துறைமுக நகரில் உருக்காலை எழுந்தது. மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ கால் சென்ட், நீண்டகால ஒப்பந்தத்தில். மூலப்பொருள் கானாவின் பாக்சைட் என்றுதான் நிக்ருமா கனவு கண்டார். கைசர் கடல் கடந்து அலுமினாவைக் கொண்டுவந்தது. அவாசோவின் பாக்சைட் டாகோராடியில் கப்பலேறிப் போனது, வெளிநாட்டு அலுமினா டேமாவில் இறங்கியது. இரண்டு துறைமுகங்களும் ஒரே நாட்டின் ஒரே கரையில். 1966 ஜனவரியில் அணை திறப்பு, பிப்ரவரி 24 அன்று நிக்ருமா வெளிநாட்டில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மின்கட்டணத்தைத் திருத்தி எழுத 1985 வரை ஆயிற்று.

இவையெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2024ஐக் காட்டலாம். அந்த ஆண்டு உலகச் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. வாரியமோ வழக்கம்போல் விளைச்சலை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றிருந்தது. 1990களிலிருந்து அந்த ஒப்பந்தங்களைக் காட்டித்தான் வெளிநாட்டு வங்கிகளிடம் ஆண்டுதோறும் கொள்முதல் கடன் வாங்கிவந்தது. அந்தப் பருவத்துக்கு விவசாயிக்கு அறிவித்த விலை சுமார் 3,000 டாலர். பெருமளவு கோகோ எல்லை தாண்டிப் போனது. அதற்கு முன்பே 2022 டிசம்பரில் அரசு வெளிக்கடனின் பெரும்பகுதிக்குத் தவணை கட்ட முடியாமல் நிறுத்தி, அடுத்த மே மாதம் பன்னாட்டு நிதியத்திடம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் பெற்றது. அது பதினேழாவது தடவை. விலை கட்டுபடியாகாத விவசாயிகள் சிலர் நிலத்தைச் சுரங்கக்காரர்களுக்கு விட்டார்கள். கோகோ மரம் நின்ற இடத்தில் சேற்றுக்குழியும் பாதரசமும். பிரா ஆறு காவி நிறத்தில் ஓடுகிறது. ஆப்பிரிக்காவிலேயே அதிகத் தங்கம் எடுக்கும் நாடு இப்போது கானாதான். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பெரிய கட்சிகளும் அமைதியாக ஆட்சி மாற்றிக்கொள்கின்றன; மேற்காப்பிரிக்காவில் இது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் விவசாயிக்கு உலக விலையில் எத்தனை பங்கு என்பதைச் சட்டத்தில் எழுதி, வாரியத்தின் கையைக் கட்டாதவரை, ஆட்சி மாறுவதால் கிராமத்தில் மாறுவது கொஞ்சமே.

2024 நவம்பரில் டேமாவிலிருந்து வோல்ட்டா ஏரிக்கரையில் உள்ள மபக்கடான் வரை சுமார் 97 கி.மீ. புதிய ரயில் பாதை திறக்கப்பட்டது. அங்கிருந்து படகில் ஏரியைக் கடந்து வடக்குக்கும் புர்கினா ஃபாசோவுக்கும் சரக்கு அனுப்புவது திட்டம். கட்டியது இந்தியக் கம்பெனி, பணம் இந்திய எக்சிம் வங்கியின் கடன். வடக்கை நினைத்துக் கானாவில் போட்ட முதல் தண்டவாளம் இது. அது ஏரியின் தென்கரையோடு நிற்கிறது. கடனைக் கட்டப்போவது கோகோவும் தங்கமும்தான்.